உட்கார்ந்து பாட வேண்டிய பாட்டு

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்கக் கறுப்பின மக்களின் 'சோல்' இசையில் வந்த பழைய பாடல்களை மறுபடி பாடுகிறவர்கள் எங்கே சறுக்குகிறார்கள் என்று பேசச் சொன்னீர்கள். நான் ஒரே ஒரு பாட்டை எடுத்துக்கொள்கிறேன். சோல் பாடகர் ஓட்டிஸ் ரெடிங்கின் 'டாக் ஆஃப் தி பே'.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்திலிருந்து 2,000 மைல் கடந்து சான்பிரான்சிஸ்கோ வந்த ஒருவர். பிழைக்க வழி தெரியவில்லை. படகுத்துறையில் உட்கார்ந்து கப்பல்கள் வருவதையும் போவதையும் பார்க்கிறார். அவ்வளவுதான் பாட்டு. மேடையையே அதிர வைத்துப் பாடியவர் ரெடிங். இதில் குரலை இறக்கிக்கொள்கிறார். நடுவில், எதுவும் மாறப்போவதில்லை என்று சொல்கிற இடத்தில் மட்டும் குரல் கொஞ்சம் எழும்புகிறது, உடனே அடங்கிவிடுகிறது. அந்த அடக்கத்தில்தான் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

ஒலிப்பதிவு நடந்து சில நாட்களில், 1967 டிசம்பர் 10 அன்று, விமானம் விஸ்கான்சினில் ஒரு ஏரியில் விழுந்து அவர் இறந்துபோனார். வயது 26. பாட்டை அவரோடு சேர்ந்து எழுதிய கிட்டார் கலைஞர் ஸ்டீவ் க்ராப்பர்தான் அலையோசையையும் கடற்பறவைகளின் சத்தத்தையும் சேர்த்து வேலையை முடித்தார். நண்பனைப் பறிகொடுத்த கையோடு அதை எப்படிச் செய்தாரோ!

இருபது வருடம் கழித்து பாப் பாடகர் மைக்கேல் போல்டன் இதே பாட்டைப் பாடினார். அவருக்குப் பெரிய குரல், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் தொண்டை நரம்பு புடைக்கப் பாடுகிறார். அவ்வளவு தெம்பு இருக்கிறவர் படகுத்துறையில் ஏன் உட்கார்ந்திருக்கிறார்? எழுந்து போய் ஒரு வேலை தேடலாமே! அப்புறம் 1991இல் பெர்சி ஸ்லெட்ஜின் 'வென் எ மேன் லவ்ஸ் எ வுமன்' பாட்டையும் பாடினார். அது அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போனது, கிராமி விருதும் வாங்கியது. எனக்கு இன்றும் மனம் ஒப்பவில்லை.

அடுத்தவர் பாட்டைப் பாடுவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. ரெடிங் 1965இல் பாடிய 'ரெஸ்பெக்ட்' பாட்டை அரீத்தா ஃபிராங்க்ளின் 1967இல் பாடினார். வீட்டுக்கு வரும்போது மரியாதை கொடு என்று ஒரு ஆண் கேட்ட பாட்டு, ஒரு பெண் வாயில் உரிமைக்குரலாக மாறிவிட்டது. அவருக்குச் சொல்வதற்கு ஒன்று இருந்தது.

சரி, ரெடிங் இறந்தபின் 1968இல் வெளிவந்த 'டாக் ஆஃப் தி பே' இசைத்தட்டை இப்போது போடுகிறேன். கடைசியில் ரெடிங் வார்த்தைகளை விட்டுவிட்டு விசிலடிப்பார். அது தேய்ந்து முடிகிறவரை தயவுசெய்து யாரும் கைதட்ட வேண்டாம்.