துப்பாக்கி ஏந்திய வணிகன்

நேயர்களுக்கு வணக்கம்.

பெயரின் கடைசியில் 'மாரு' என்று வந்தால் அது ஜப்பானிய வணிகக் கப்பல் என்று துறைமுகத்தில் வேலை செய்தவர்கள் உடனே சொல்லிவிடுவார்கள். 'வட்டம்' என்று பொருள்படும் அந்தச் சொல்லைத் தாங்கிய ஒரு கப்பல் நம்முடைய இந்தியப் பெருங்கடலில் மூழ்கிய வரலாறு பல ஆண்டுகளாக என் மனத்தில் நிற்கிறது.

ஹோகோக்கு மாரு, ஒசாகா நகரத்துக் கப்பல் நிறுவனம் ஒன்றுக்காக 1940இல் கட்டி முடிக்கப்பட்ட, ஏறத்தாழ 10,400 டன் கொள்ளளவுள்ள பயணியர்-சரக்குக் கப்பல். ஆப்பிரிக்க வழித்தடத்தில் ஓடுவதற்காகத் திட்டமிடப்பட்டது. ஐகோக்கு மாரு, கோகோக்கு மாரு என இதற்கு இரண்டு உடன்பிறப்புகள் உண்டு. இம்மூன்றின் பெயர்களையும் கவனியுங்கள்: நாட்டுக்குச் செய்யும் கைம்மாறு, நாட்டின் மீதான அன்பு, நாட்டின் காவல். சரக்கு ஏற்றப் பிறந்த கப்பல்களுக்கு இத்தகைய பெயர்களா என்று நான் முதலில் வியந்ததுண்டு. வேகமான வணிகக் கப்பல்களைக் கட்டுவதற்கு ஜப்பானிய அரசு உதவித்தொகை வழங்கியதும், போர் வந்தால் கடற்படை அவற்றை எடுத்துக்கொள்ளும் என்ற எண்ணத்தோடுதான்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1941இல், கடற்படை அவ்வாறே எடுத்துக்கொண்டது. பெரிய பீரங்கிகள், நீருக்குள் பாய்ந்து கப்பலைத் தாக்கும் டார்பிடோக்களை ஏவும் குழாய்கள், கடல் விமானம் ஆகியவை தளத்தின் மேல் ஏற்றப்பட்டன. ஆனால் போர்க்கப்பலின் பக்கவாட்டில் இருக்கும் தடித்த எஃகுக் கவசத்தை, கப்பலைக் கட்டி முடித்த பிறகு பொருத்த முடியாது. இதை நேயர்கள் மறக்க வேண்டாம்; மீண்டும் இதற்கே வருவேன்.

முதலில் பசிபிக்கிலும், பின்னர் இந்தியப் பெருங்கடலிலும் எதிரி நாட்டு வணிகக் கப்பல்களைத் தேடிப் பிடிப்பதே ஹோகோக்கு மாருவுக்கும் ஐகோக்கு மாருவுக்கும் பணி. 1942 மே மாதம் ஜெனோட்டா என்ற டச்சு எண்ணெய்க் கப்பலையும், ஜூலையில் நியூசிலாந்துக் கப்பலான ஹவுராக்கியையும் சிறைபிடித்தன.

அதே ஆண்டு நவம்பர் 11 அன்று, கோகோஸ் தீவுகளுக்குத் தென்மேற்கே, ஒன்டினா என்ற டச்சு எண்ணெய்க் கப்பலையும் அதற்குத் துணையாக வந்த ராயல் இந்தியக் கடற்படையின் 'பெங்கால்' கப்பலையும் இவ்விரண்டும் கண்டன. பெங்கால், கடலில் கண்ணிவெடிகளை வாரும் சிறிய கப்பல். ஹோகோக்கு மாருவின் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத அதனிடம் சொல்லத்தக்க பீரங்கி ஒன்றே ஒன்று. ஒன்டினாவிடமும் ஒரே பீரங்கி, அதற்கு 32 குண்டுகள். ஆயினும் பெங்கால் எதிரியை நோக்கித் திரும்பியது. எண்ணெய்க் கப்பல் தப்புவதற்கு நேரம் கிடைக்க வேண்டுமென்று தன்னையே முன்னிறுத்திய அந்த முடிவை எண்ணும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

சிறிது நேரத்தில் ஒரு குண்டு ஹோகோக்கு மாருவின் தளத்தில் திறந்தவெளியில் இருந்த டார்பிடோக்கள் அருகே விழுந்தது. தீ பரவி, பெரும் வெடிப்பு நிகழ்ந்து, கப்பல் மூழ்கியது. அந்தக் குண்டு பெங்காலுடையதா ஒன்டினாவுடையதா என்பதில் இன்றும் இரு கருத்துகள் உண்டு. கவசமில்லாத உடம்பின் மேல் வெடிபொருளைச் சுமந்ததுதான் காரணம் என்பதில் எனக்கு ஐயமில்லை.

குண்டுகள் தீர்ந்த ஒன்டினாவின் கேப்டன் ஹார்ஸ்மன் உயிரிழந்தார். மாலுமிகள் படகில் இறங்கியபோது, ஐகோக்கு மாரு அப்படகுகளையும் சுட்டது. இந்தக் கொடுமையை நான் எளிதாகக் கடந்துசெல்ல முடியவில்லை. டார்பிடோ தாக்கிய பின்னும், தொட்டிகளில் எண்ணெய் இல்லாததால் ஒன்டினா மிதந்தது. ஐகோக்கு மாரு அகன்றபின், எஞ்சியவர்கள் மீண்டும் ஏறி, தீயணைத்து, ஒரு வாரத்தில் ஆஸ்திரேலியாவின் ஃபிரிமாண்டில் துறைமுகத்தை அடைந்தார்கள். ஒன்டினா அழிந்தது என்றே நினைத்து விலகிய பெங்காலும் கரை சேர்ந்தது.

கடிகாரம் நெருக்குவதால் உடன்பிறப்புகளின் கதையைச் சுருக்கமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஐகோக்கு மாரு 1944 பிப்ரவரி 17 அன்று, பசிபிக்கில் உள்ள ட்ரக் தீவுக் கடற்கழியில், அமெரிக்க விமானத் தாக்குதலில் தன்னிடமிருந்த வெடிபொருளாலேயே சிதறியது. கோகோக்கு மாருவை அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று மூழ்கடித்தது.

வணக்கம்.