ஒரே நாளில் இரண்டு ஜெர்சி: டாமி லாட்டனின் கதை

(திரையில்: கறுப்பு வெள்ளைப் படம், பனி படிந்த மைதானம்)

1940, டிசம்பர் 25. காலையில் லிவர்பூல் நகரத்து ஆன்ஃபீல்டு மைதானத்தில் எவர்டன் கிளப்புக்காக ஒரு கால்பந்து ஆட்டம். அது முடிந்த கையோடு ரயிலோ வண்டியோ பிடித்து, பிற்பகலில் க்ரூ ஊரில் டிரான்மியர் ரோவர்ஸுக்காக இன்னொரு ஆட்டம். இரண்டிலும் ஆடியவர் ஒரே ஆள், டாமி லாட்டன். அப்போது அவருக்கு வயது 21. இங்கிலாந்து அணியின் சென்டர் ஃபார்வர்டு, அதாவது முன்வரிசை நடுவில் நின்று கோல் அடிப்பவர்.

சரி, இவ்வளவு பெரிய ஆட்டக்காரர் ஏன் கூலிக்குப் போகிறவர் மாதிரி மைதானம் மைதானமாக அலைந்தார்?

கொஞ்சம் பின்னால் போவோம். லாட்டன் 1936-இல் பர்ன்லி அணியில் இறங்கியபோது அவருக்கு 16 வயது. 17 நிறைந்த நான்காவது நாளே டாட்டன்ஹாமுக்கு எதிராக ஹாட்ரிக், ஒரே ஆட்டத்தில் மூன்று கோல். அடுத்த ஜனவரியில் எவர்டன் 6,500 பவுண்டு கொடுத்து அவரைத் தூக்கிக்கொண்டு போனது. அங்கே டிக்ஸி டீன் என்ற மலை உட்கார்ந்திருந்தது, ஒரே சீசனில் 60 லீக் கோல் அடித்த மனிதர். அந்த டீனின் இடத்துக்கு வந்த பையன், 1937-38 சீசனில் 28 கோலோடு, அன்றைக்கு லீக்கின் மேல் அடுக்கான முதல் டிவிஷனிலேயே முதலிடம். மறு சீசன் எவர்டன் சாம்பியன், அதிலும் கோல் பட்டியலின் உச்சியில் லாட்டன்தான்.

1939-40 சீசன் தொடங்கி மூன்றே ஆட்டம். செப்டம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை, பிரிட்டன் போரில் இறங்கியது. லீக் நின்றது. ஆடி முடித்த அந்த மூன்று ஆட்டங்களைக் கூடக் கணக்கிலிருந்து அழித்துவிட்டார்கள். ஒப்பந்தங்கள் எல்லாம் செல்லாமல் போயின, வாரச் சம்பளம் கிடையாது. ஆடினால் ஆட்டத்துக்கு 30 ஷில்லிங், அதாவது ஒன்றரை பவுண்டு, அவ்வளவுதான்.

ஆனால் கால்பந்து நிற்கவில்லை. வட்டார லீக்குகள் நடந்தன. ஆட்டக்காரர்கள் பட்டாளத்திலும் ஆயுதத் தொழிற்சாலையிலும் இருந்ததால், ஒருவர் எந்த முகாமுக்குப் பக்கத்தில் இருக்கிறாரோ அந்த ஊர் கிளப்புக்கு விருந்தாளியாக ஆடலாம் என்று விதியைத் தளர்த்தினார்கள். இதில் ஆல்டர்ஷாட்டுக்கு அடித்தது யோகம். பெரிய ராணுவ முகாம் உள்ள ஊர் என்பதால், சாதாரண நாளில் எட்டிக்கூடப் பார்க்க முடியாத இங்கிலாந்து ஆட்டக்காரர்கள் அந்தச் சின்ன கிளப்பின் ஜெர்சியில் வந்து நின்றார்கள். பிரைட்டன் நிலைமை நேர் எதிர். அதே 1940 கிறிஸ்துமஸ் அன்று நார்விச்சுக்கு ஐந்தே பேரோடு போய் இறங்கி, மைதானத்தில் வேடிக்கை பார்க்க வந்த சிப்பாய்களையெல்லாம் சேர்த்து அணி கட்டி, 18-0 என்று தோற்றது!

லாட்டன் ராணுவத்தில் உடற்பயிற்சி ஆசிரியர். துப்பாக்கி தூக்கிப் போர்முனைக்குப் போகவில்லை, அந்த வகையில் அதிர்ஷ்டசாலி. போல்டன் அணியின் கேப்டன் ஹாரி காஸ்லின் இத்தாலியில் 1943 டிசம்பரில் செத்துப்போனார். அந்த இழப்புக்கு முன்னால் லாட்டனின் இழப்பு ஒன்றுமே இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் கணக்கைப் பாருங்கள். லீக் நின்றபோது அவருக்கு 19, முழு லீக் 1946 ஆகஸ்ட்டில் திரும்பியபோது 26. இங்கிலாந்துக்காக அதிகாரப்பூர்வமாக 23 ஆட்டம், 22 கோல். போர்க்கால ஆட்டங்கள் இன்னொரு 23, அவற்றில் 24 கோல். இந்த இரண்டாவது கணக்கு எந்தப் பட்டியலிலும் ஏறாது.

(திரையில்: வரைபடம், லண்டனிலிருந்து நாட்டிங்ஹாமுக்கு ஒரு கோடு)

1945-இல் லண்டன் கிளப்பான செல்சிக்குப் போனார். சோவியத் கிளப்பான மாஸ்கோ டைனமோ லண்டனுக்கு வந்து ஆடிய அந்த 3-3 ஆட்டத்தில் செல்சிக்கு ஒரு கோல் இவருடையது. 1946-47இல் 26 லீக் கோல். அதற்கப்புறம்தான் ஊரே வாயைப் பிளந்தது: 1947 நவம்பரில் மூன்றாம் டிவிஷனில் இருந்த நாட்ஸ் கவுண்டிக்குப் போய்விட்டார், 20,000 பவுண்டுக்கு, அன்றைக்கு பிரிட்டனிலேயே அதிகத் தொகை.

பைத்தியக்காரத்தனம் மாதிரித் தெரிகிறதா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அப்போது எல்லாக் கிளப்புக்கும் ஒரே சம்பள உச்சவரம்பு, வாரம் 12 பவுண்டு. முதல் டிவிஷனிலும் அதே, மூன்றாம் டிவிஷனிலும் அதே. 20,000 பவுண்டு கை மாறினாலும் ஆட்டக்காரருக்கு விதிப்படி கிடைப்பது பத்தே பவுண்டு. அப்படியிருக்க, செல்சியில் மசாஜ் செய்பவராக இருந்து, நாட்ஸ் கவுண்டிக்கு மேனேஜராகிவிட்ட நண்பர் ஆர்தர் ஸ்டோலரி கூப்பிட்டால், ஆட்டம் முடிந்த பிறகும் ஒரு வேலை இருக்கும் என்று உறுதியும் கொடுத்தால், ஏழு வருடத்தை ஏற்கெனவே பறிகொடுத்தவர் போகாமல் என்ன செய்வார்? வேடிக்கை என்னவென்றால், டிக்ஸி டீன் 1938-இல் எவர்டனை விட்டுப் போனதும் இதே நாட்ஸ் கவுண்டிக்குத்தான்.

அங்கே 1949-50இல் அணியை இரண்டாம் டிவிஷனுக்கு ஏற்றிவிட்டார். பிறகு பிரென்ட்ஃபோர்டு, 33 வயதில் ஆர்சனல், கடைசியில் லீக்குக்கு வெளியே கெட்டரிங், அங்கே ஆட்டக்காரரும் மேனேஜரும் அவரே. பின்னாளில் பப் நடத்தினார், காப்பீடு விற்றார், கடனில் மூழ்கினார். 1972-இல் எவர்டன் அவருக்காக, தன் அன்றைய மைதானமான குடிசன் பார்க்கில் நிதி திரட்ட ஒரு ஆட்டம் நடத்தியது.