சும்மா இருப்பவர்களின் கணக்கு

அவையோருக்கு வணக்கம். உழைக்கும் கைகள் அதிகம் இருப்பது இந்தியாவிலா, சீனாவிலா என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். சீனாவில்தான் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு நான் உட்கார்ந்துவிடலாம். ஆனால் தேநீர் வருவதற்கு இன்னும் நேரம் இருக்கிறது.

மக்கள்தொகையில் 2023-ஆம் ஆண்டே நாம் சீனாவை முந்திவிட்டோம். ஆனால் தொழிலாளர் படை என்று எடுத்தால் அவர்கள் 75 கோடிக்கு மேல்; நாம் 60 கோடியைச் சுற்றித்தான் இருக்கிறோம். படை என்றால் வேலையில் இருப்பவர்களும் வேலை தேடி அலைபவர்களும் சேர்ந்தது. தேடுவதையே நிறுத்திவிட்டவர் அதில் வரமாட்டார்.

நம்மிடம் பிள்ளைகள் அதிகம் என்பது ஒரு காரணம். இங்கே ஏறத்தாழ நால்வரில் ஒருவர் 15 வயதுக்குக் கீழ். அங்கே ஆறு பேரில் ஒருவர்தான். அதைவிடப் பெரிய காரணம் வேறு. இரு நாட்டு ஆண்களை மட்டும் எண்ணிப் பாருங்கள், கணக்கு ஏறத்தாழச் சமமாகவே வரும். குறைகிற கோடிகள் எல்லாம் பெண்கள் பக்கம்தான் குறைகின்றன. 15 வயதும் அதற்கு மேலும் ஆன சீனப் பெண்களில் சுமார் 60 சதவீதம் பேர் தொழிலாளர் படையில் இருக்கிறார்கள். நம் நாட்டில் அதே வயதுப் பெண்களில் 2017-18-இல் 23.3 சதவீதம். 2023-24-இல் அது 41.7 சதவீதம்.

ஆறு ஆண்டுகளில் இப்படி ஓர் ஏற்றமா? கை தட்டுவதற்கு முன் ஒரு காட்சியைச் சொல்கிறேன். இந்தச் சதவீதங்களைத் தரும் தொழிலாளர் கணக்கெடுப்புக்குப் போன நண்பர் ஒருவருடன் நானும் ஒரு கிராமத்துக்குப் போயிருந்தேன். திண்ணையில் இருந்தவரிடம், "உங்கள் வீட்டுக்காரம்மா என்ன வேலை செய்கிறார்?" என்று நண்பர் கேட்டார். "அவளுக்கென்ன வேலை, வீட்டில் சும்மாதான் இருக்கிறாள்" என்றார் அவர். அப்போது அந்தம்மா தலையில் புல்லுக்கட்டோடு கொல்லைப்பக்கம் நுழைந்துகொண்டிருந்தார்.

படிவத்தில் வீட்டு வேலை மட்டும் செய்பவருக்கு எண் 92. அதோடு விறகு பொறுக்கி, தீவனம் அறுத்து வருபவருக்கு 93. இந்த இரண்டு எண்களும் படைக்கு வெளியே. குடும்பத் தொழிலில் கூலியில்லாமல் உதவுபவருக்கு 21. அது படைக்கு உள்ளே. அதே அம்மா, அதே புல்லுக்கட்டு. இன்னும் இரண்டு கேள்விகளை நாம் பொறுமையாகக் கேட்டால் 93 என்பது 21 ஆகிவிடும். அந்த 41.7 சதவீதம் முழுவதும் பேனாவின் வேலை என்று நான் சொல்லவில்லை. ஆனால் வேலை செய்வதாகக் கணக்கில் வரும் பெண்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் இந்த 21-ஆம் எண்காரர்கள். தொழிற்சாலைச் சங்கு ஊதி உள்ளே போனவர்கள் அல்ல.

சீனாவின் கதை வேறு. நிலத்தை ஊரே கூட்டாக உழுத கம்யூன் காலத்திலேயே பெண்களை வயலுக்கு அழைத்துப் புள்ளி போட்டு உழைப்பைக் கணக்கிட்டார்கள். ஆணைவிடக் குறைவான புள்ளிதான் கொடுத்தார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும். ஆலைப் பெண்களுக்கு ஓய்வு வயது 50 என்று வைத்தார்கள். பல வீடுகளில் பாட்டி ஓய்வு பெற்று வந்து பேரனைப் பார்த்துக்கொள்ள, மகள் வேலைக்குப் போனாள். இப்போது அங்கேயும் சிக்கல். உழைக்கும் வயதினர் பத்தாண்டுகளுக்கு மேலாகக் குறைந்து வருகிறார்கள். அதனால் 2025 ஜனவரியிலிருந்து ஓய்வு வயதைப் படிப்படியாக உயர்த்துகிறார்கள். ஆலைப் பெண்களுக்கு அது 55 வரை போகும். பாட்டியும் ஆலையிலேயே இருந்தால் பேரனை யார் பார்ப்பது? பிள்ளை பெறச் சொல்லி மன்றாடும் அரசு இதற்கும் ஒரு வழி சொல்ல வேண்டும்.

அந்தக் கிராமத்துக்கே திரும்புகிறேன். நண்பர் விடவில்லை. "மாடு கறக்கிறதா?" என்று கேட்டார். கறக்கிறதாம். "பால் எங்கே போகிறது?" சங்கத்துக்காம். கறப்பதும் ஊற்றுவதும் யார்? அந்தம்மாதான். 93-ஐ அடித்துவிட்டு நண்பர் 21 என்று எழுதினார். சங்கத்துப் பால் அட்டையை நான் வாங்கிப் பார்த்தேன். அதில் உறுப்பினர் பெயர் என்ற இடத்தில் திண்ணையில் இருந்தவரின் பெயர் இருந்தது.