ஃபோனை மட்டும் திட்டிட்டு டீயை விட்டுடுறோம்: கவனம் நிக்காத பிள்ளையும் மலை வீட்டு சாயங்காலமும்

வணக்கம் மக்களே, கோத்தகிரியில இருந்து பேசுறேன். பின்னாடி ஒண்ணும் தெரியலன்னா கேமரா கோளாறு இல்ல, மிஸ்ட்தான்.

முதல்ல ஒண்ணு. ஏடிஹெச்டி, அதாவது கவனம் நிக்காம துறுதுறுன்னு இருக்குற குறைபாடு, ஃபோனால வர்றதில்ல, வளர்ப்பாலயும் வர்றதில்ல. இரட்டைக் குழந்தைங்கள வெச்சுப் பண்ண ஆய்வுங்க, 70-80 சதவீதம் பரம்பரைன்னு சொல்லுது. ஆனா ஏற்கெனவே கவனம் நிக்காத பிள்ளைய வீட்டு நடைமுறை இன்னும் படுத்திடும். நம்ம ஊர்ல அது நடக்குறது சாயங்காலம்.

பாருங்க, ஸ்கூல் வேன் வளைவெல்லாம் சுத்தி வந்து சேர்றப்பவே அஞ்சு மணி. இருட்டிட்டா காட்டுமாடு, கரடி பயம், வெளிய விட முடியாது. ஜூன்ல இருந்து மழை வேற. தோட்டத்துல இருந்து அப்பதான் வந்த அம்மா அடுப்பப் பத்த வைக்கணும். பிள்ளை கையில ஃபோன். யாரையும் குத்தம் சொல்லல.

கூடவே குளிருக்குன்னு ஏழு மணிக்கு ஒரு ஸ்ட்ராங் டீ! டீயில தூக்கத்தக் கெடுக்குற காஃபின் இருக்கு, பெரியவங்க உடம்புலயே அது பாதியாக் குறைய சுமார் அஞ்சு மணி நேரம் ஆகும். 6-லிருந்து 12 வயசுக்கு 9-12 மணி நேரத் தூக்கம் வேணும். காலைல ஆறுக்கு எழுப்புறீங்கன்னா ஒன்பதுக்குள்ள தூங்கியாகணும். தூக்கம் பத்தாத பிள்ளை சோர்ந்து உட்காராது, இன்னும் துறுதுறுன்னு ஆடும். அத வாலுத்தனம்னு நினைச்சு அடிக்கிறோம். நாலு மணிக்கு மேல டீ வேண்டாம், சூடா பால் போதும்.

இப்ப வரிசைய மாத்துங்க. வந்ததும் அரை மணி நேரம் உடம்பு ஆடணும். வெளிச்சம் இருந்தா வாசல்ல, மழைன்னா வராண்டாவுல ஸ்கிப்பிங், படிக்கட்டு ஏறி இறங்குறது. அப்புறம் தின்பண்டம். அதுக்கப்புறம் ஹோம்வொர்க், 10-15 நிமிஷத் துண்டா, கண்ணுக்குத் தெரியுற மாதிரி கடிகாரம் வெச்சு. நடுவுல அஞ்சு நிமிஷம் எழுந்து நடக்கட்டும்.

சமையல்கட்டுல இருந்து "பை எடு, ஷூவ கழட்டு, கை கழுவு"ன்னு கத்தினா முதல் வார்த்தைதான் நிக்கும். கிட்டப் போய், பேரு சொல்லி, ஒரே ஒரு வேலை. "என்ன சொன்னேன்?"னு திருப்பிக் கேளுங்க. செஞ்சதும் அங்கேயே பாராட்டுங்க. முழுப் பரீட்சைல ஃபர்ஸ்ட் வந்தா சைக்கிள்ங்குறது இந்தப் பிள்ளைங்ககிட்ட எடுபடாது, பரிசு ரொம்பத் தூரத்துல இருக்கு.

ஃபோன் ஹோம்வொர்க் முடிஞ்சப்புறம்தான், அரை மணி, படுக்குறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி நிறுத்திடணும். என்னக் கேட்டா ரீல்ஸ விட ஒரு முழு கார்ட்டூன் தேவல. அதுக்கு முடிவுன்னு ஒண்ணு இருக்கு. திடீர்னு பிடுங்காதீங்க, பத்து நிமிஷம் முன்னாடி சொல்லுங்க. அழுதான்னு திருப்பிக் கொடுத்துட்டீங்கன்னா, நாளைக்கு இன்னும் சத்தமா அழுவான்.

இவ்வளவும் செஞ்சும் ஆறு மாசமா, வீட்டுலயும் ஸ்கூல்லயும் ரெண்டு இடத்துலயும் அதே கதைன்னா குழந்தைகள் டாக்டர்கிட்ட காட்டுங்க. காது, கண்ணு, ரத்தசோகை, குறட்டை இதெல்லாம் முதல்ல பார்ப்பாங்க. மூக்குக்குப் பின்னாடி இருக்குற அடினாய்டுங்குற சதை வீங்கி ராத்திரி தூக்கம் கெட்டாலும் பகல்ல இதே மாதிரிதான் தெரியும். போறப்ப ஒரு வாரத் தூக்க நேரத்த எழுதிட்டுப் போங்க. வாய் திறந்து தூங்குறானா, குறட்டை விடுறானான்னு ராத்திரி ஒரு வீடியோ. கிளாஸ் டீச்சர்கிட்ட ரெண்டு வரி எழுதி வாங்கிக்கோங்க, டாக்டர் கேட்பாரு.