தாயின் தைராய்டும் தூத்துக்குடி உப்பும்

அவைத்தலைவர் அவர்களே, என் நேரத்தில் பாதியைத் தானே பேசி முடித்துவிட்ட பேராசிரியர் அவர்களே, பந்தல் போட்டுக் கொடுத்த உப்பளத் தோழர்களே, வேண்டாம் என்றாலும் விடாமல் பொன்னாடை போர்த்திய மகளிர் குழுத் தலைவி அவர்களே, வணக்கம்.

கருவிலிருக்கும் பிள்ளையின் மூளையைப் பற்றி மூன்று விஷயம் சொல்ல வந்தேன்: தைராய்டு, பிளாஸ்டிக், பூச்சிமருந்து. முதலில் தைராய்டு.

கருவின் தைராய்டு சுரக்கத் தொடங்கவே ஏறத்தாழ 12 வாரம் ஆகும். போதிய அளவு சுரக்க இன்னும் சில வாரம் பிடிக்கும். மூளை அதுவரை காத்திருக்குமா? நரம்பணுக்கள் உருவாகி, தத்தம் இடத்துக்கு நகர்கிற காலம் அது. அப்போது தாயின் தைராய்டு சுரக்கிற தைராக்சின் என்ற ஹார்மோன்தான் துணை. 1999இல் வெளியான அமெரிக்க ஆய்வில், தைராய்டு குறைந்தும் கர்ப்பத்தில் சிகிச்சை பெறாத தாய்மாரின் பிள்ளைகள், நுண்ணறிவுச் சோதனையில் மற்றவர்களைவிடச் சராசரியாக 7 புள்ளி குறைவாக வாங்கினார்கள்.

தைராக்சினுக்கு அயோடின் வேண்டும். கர்ப்பிணிக்கு நாளொன்றுக்கு 250 மைக்ரோகிராம், கடுகளவுகூட இல்லை. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். அயோடின் இல்லாவிட்டால் உப்பே குப்பையிலே என்பேன் நான்.

ஒரு கிராமத்தில் ஓர் ஆச்சியிடம், "அயோடின் உப்புதானே வாங்குறீங்க?" என்று கேட்டேன். "ஆமாய்யா, பாக்கெட் உப்புதான்" என்றார். சந்தோஷமாக அடுக்களையை எட்டிப் பார்த்தால், அந்தக் கல் உப்பைச் சட்டியில் கொட்டி, அரிசி மாதிரிக் களைந்து வைத்திருக்கிறார்! "என்ன ஆச்சி இது?" "மண்ணு கிடக்கும்லா? மூணு தண்ணி விட்டாத்தான் சுத்தம்." களைந்ததை முற்றத்து வெயிலில் வேறு காயப்போட்டிருந்தார். அயோடின் வாறுகாலோடு போயாச்சு. "ஏன் ஆச்சி இவ்வளவு பாடு?" என்றேன். "மருமக மாசமா இருக்காய்யா, அவளுக்குச் சுத்தமாக் கொடுக்கணும்லா!"

சிரிக்கிறீர்கள். 2018-19 தேசிய ஆய்வின்படி, போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் நாட்டில் 76.3 சதவீதம், தமிழ்நாட்டில் 61.9, அதுதான் கடைசி இடம். உப்பு விளைவிக்கிற மாநிலம்! உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று ஊருக்கெல்லாம் சொன்னவர்கள் நாம்!

அயோடின் சேர்க்காமல் பாத்தியிலிருந்து அப்படியே அள்ளிய உப்பு உங்கள் வீட்டுப் பானையிலும் இருக்கும், தோழர்களே. அயோடின் உள்ள உப்பில் சொட்டு விட்டால் நீலமாகும் பரிசோதனைக் குப்பி ஒவ்வோர் அங்கன்வாடியிலும் வேண்டும். கர்ப்பிணிக்கு முதல் பரிசோதனையிலேயே தைராய்டும் பார்க்க வேண்டும். இவ்விரண்டையும்தான் மனுவில் கேட்டிருக்கிறோம்.

பிளாஸ்டிக்கும் பூச்சிமருந்தும் பாக்கி, தலைவர் மணியடித்துவிட்டார். சரி, மனு அந்த மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போங்கள்.