பாமாலையா, கீர்த்தனையா?

நடுவர் அவர்களே, அசனச் சாப்பாட்டு (சபை விருந்து) மயக்கத்திலும் எழுந்து போகாத சபையாரே, ஸ்தோத்திரம்.

ஆராதனை அறுபடாமல் செல்லக் காரணம் முன்னேற்பாடா, அந்த நேரத்து ஏவுதலா? நான் முன்னேற்பாட்டின் பக்கம். "ஆவியானவர் நடத்துவார், தாளில் எழுதி அவரைக் கட்டிப்போடாதீர்கள்" என்று எதிரணித் தம்பி சொல்லிக் கைதட்டலும் வாங்கிவிட்டார். சரி.

போன மாதம் ஒரு கோயிலில் பாவ அறிக்கை முடிந்தது. அப்படியொரு அமைதி. முன்வரிசைப் பாட்டி முந்தானையால் கண்ணைத் துடைக்கிறார். நடத்துபவர் மைக்கைப் பிடித்து, "நூற்றிருபது பாடுவோம்" என்றார். பாதிப் பேர் பாமாலைப் பாட்டுப் புத்தகத்தைத் திறந்தார்கள், பாதிப் பேர் கீர்த்தனைப் புத்தகத்தை. "எதுலய்யா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். கீபோர்டுப் பையன் சுருதி தேடி நாலு கட்டையைத் தட்டுகிறான். அதற்குள் கோயில் பணியாளரான கோயில்குட்டியார் ஒரு சீட்டோடு ஓடிவந்தார்: வெள்ளைக் கார் வாசலை மறிக்கிறதாம். அதையும் அங்கேயே வாசித்தார்கள்! பாட்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசலைத் திரும்பிப் பார்க்கிறார்.

தம்பி, இதில் ஏவுதல் எது?

பாட்டில் குறையில்லை. பாட்டுக்கு முந்தைய அரை நிமிடத்தில்தான் நூல் அறுந்தது. பாட்டு எண் பலகையில் இருந்திருந்தால், ஜெபத்தின் கடைசி வரியிலேயே கீபோர்டு அடுத்த சுருதியை மெல்லப் பிடித்திருந்தால், நடத்துபவர் முதல் அடியை மட்டும் சொல்லிப் பாட்டை எடுத்திருக்கலாம். சனிக்கிழமை சாயங்காலம் அரைமணி நேர வேலை.

தென்னிந்தியத் திருச்சபையின் திருவிருந்தில் பாருங்கள். சமாதான வாழ்த்து பீடத்திலிருந்து கைக்குக் கை கடைசி பெஞ்சுவரை வருகிறது. பிறகு காணிக்கை அங்கிருந்து பீடத்துக்குப் போகிறது. யாராவது உட்கார்ந்து யோசிக்காமல் வருமா இந்த ஒழுங்கு?

வேதத்தில் ஆதாரம் கேட்டார் தம்பி. தண்ணீரில்லாமல் தவித்த மூன்று ராஜாக்கள் தேடிவந்தபோது, எலிசா தீர்க்கதரிசி தீர்க்கதரிசனம் சொல்லுமுன் சுரமண்டல வாத்தியக்காரனை அழைத்தார். அவன் வாசித்தபோது கர்த்தருடைய கரம் இறங்கியது. 2 இராஜாக்கள் 3ஆம் அதிகாரம். அந்த ஆள் வந்தபிறகு நரம்பை முறுக்கிக்கொண்டிருந்தால், அந்த மூன்று ராஜாக்களும் தாகத்தோடு நின்றிருப்பார்கள்! தாவீது ராஜா ஆலயப் பாட்டுக்கு ஏற்படுத்திய 288 பாடகரும் கற்றுத் தேர்ந்தவர்கள்தாம்.

"நடுவில் போதகர் ஐயர் பாட்டை மாற்றச் சொன்னால்?" என்பார்கள். மாற்றட்டும்! பத்துப் பாட்டுப் பழகியவன்தான் பதினோராவதுக்கு உடனே தாவுவான்.

கடைசியாக ஒன்று, நடுவர் அவர்களே. ஏவுதலுக்காக இவ்வளவு பேசிய தம்பியின் கையில் நாலாக மடித்த தாள் ஒன்று இருந்தது. அடிக்கோடெல்லாம் போட்டிருந்தார்.