நல்லா வேலை செய்யுற நொதி தப்பான இடத்துக்குப் போனா?

ஒரு சந்தேகம் வந்திருக்கு: “செல்லுக்குள்ள எல்லா புரதத்தையும் ரைபோசோம்ங்கிற துகள்தான் செய்யுது. எது எங்கே போகணும்னு யார் பிரிக்கிறாங்க? மாறிப் போனா என்ன ஆகும்?”

பிரிக்கிற குறி புரதத்தோட அமினோ அமில வரிசையிலேயே இருக்கு. இன்சுலினை எடுத்துக்கோங்க. முதல்ல வர்றது 110 அமினோ அமிலச் சங்கிலி. அதுல முதல் 24தான் குறி. அது ரைபோசோமை விட்டு வெளியே தலைகாட்டினதும் எஸ்.ஆர்.பி.ங்கிற துகள் பிடிச்சுக்கும், ரைபோசோமோட சேர்த்தே எண்டோபிளாச வலைக்கு, அதாவது செல்லை விட்டு வெளியே போக வேண்டிய புரதங்கள் முதல்ல நுழையுற இடத்துக்குக் கொண்டு போகும். சங்கிலி வளர வளரத் துளை வழியா உள்ளே இறங்கும், குறி வெட்டுப்படும். இந்த வலைக்கான குறியில இன்ன அமினோ அமிலம்தான் வரணும்னு இல்ல. நடுவுல தண்ணியோட ஒட்டாத அமினோ அமிலங்கள் தொடர்ச்சியா இருந்தா போதும்.

செல்லுக்குள்ள இருக்கிற மத்த அறைகளான மைட்டோகாண்ட்ரியாவுக்கும் பெராக்ஸிசோமுக்கும் பெரும்பாலும் முழுசா செஞ்சு முடிச்ச பிறகுதான் புரதம் போகும். மைட்டோகாண்ட்ரியா குறி பெரும்பாலும் முன் நுனியில இருக்கும். தன்னோட வடிவத்துக்கு இன்னும் மடியாத சங்கிலிதான் மைட்டோகாண்ட்ரியாவோட துளைக்குள்ள நுழையும். பெராக்ஸிசோம் குறி பின் நுனியில, பெரும்பாலும் செரின், லைசின், லூசின்னு மூணே மூணு. பெராக்ஸிசோம் மடிஞ்சு முடிச்ச புரதத்தைக்கூட உள்ளே விடும். இந்த வித்தியாசத்தைப் பிடிச்சுக்கோங்க, ரெண்டாவது கேள்விக்குப் பதில் இதுலதான் இருக்கு.

நம்ம கல்லீரல்ல ஏ.ஜி.டி.ன்னு ஒரு நொதி. பெராக்ஸிசோமுக்குள்ள கிளையாக்ஸிலேட்டை கிளைசினா மாத்துறது அதோட வேலை. சிலருக்கு 11-வது இடத்துல புரோலினுக்குப் பதிலா லூசின் இருக்கும். அதனால முன் நுனி மைட்டோகாண்ட்ரியா குறி மாதிரி ஆயிடும். ஆனா அது பலவீனமான குறி. புரதம் சட்டுனு மடிஞ்சுட்டா மைட்டோகாண்ட்ரியாவால இழுக்க முடியாது, அதனால இது மட்டும் இருந்தா நோய் வராது. கூடவே 170-வது கிளைசின் ஆர்ஜினினா மாறியிருந்தாதான் சிக்கல்: மடிப்பு தாமதமாகுது, பெரும்பகுதி நொதி மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ள போயிடுது.

அங்கேயும் அது வேலை செய்யும்! கல்லீரல் திசுவை அரைச்சு அளந்தா நொதிச் செயல்பாடு கணிசமாவே தெரியும். ஆனா கிளையாக்ஸிலேட் பெராக்ஸிசோம்ல தேங்கி, வெளியே கசிஞ்சு ஆக்ஸலேட்டா மாறும். சிறுநீரகத்துல கால்சியம் ஆக்ஸலேட் கல் திரும்பத் திரும்ப வரும், சிறுநீரகமே செயலிழக்கவும் செய்யலாம். இந்த நோய்க்குப் பேர் முதல் வகை பிரைமரி ஹைப்பராக்ஸலூரியா. நொதி இடம் மாறிப் போறது இதுக்கு ஒரு காரணம், சிலருக்கு நொதியே உருவாகாததாலயும் வரும்.

இந்த 170-வது மாற்றம் உள்ளவங்கள்ல பலருக்கு வைட்டமின் பி6 பலன் தரும். உடம்புல அதுல இருந்து உருவாகுற ஒரு பொருள்தான் இந்த நொதியோட துணைக்காரணி, அதாவது நொதி வேலை செய்யக் கூடவே தேவைப்படுற பொருள். அது மடிப்பை நிலைப்படுத்தும். நொதியே உருவாகாதவங்களுக்கு உதவாது. சாதாரண கிட்னி கல் பெரும்பாலும் இந்த நோயால வர்றதில்ல, அதனால பி6-ஐ நீங்களா வாங்கிச் சாப்பிடாதீங்க.